பஞ்ச், டை கருவிகள்: தேய்மானமும் கூர் தீட்டலும்

உலோகத் தகட்டில் துளையிடப் பயன்படும் பஞ்ச், டை ஆகிய இரண்டும் இணையாக வேலை செய்யும் வெட்டுக் கருவிகள் ஆகும். பஞ்ச் என்பது பிரஸ் இயந்திரத்தின் ராமோடு சேர்ந்து மேலிருந்து இறங்கும் தண்டு. டை என்பது அந்தத் தண்டு நுழைவதற்கேற்ற துளையுடன் கீழே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும் எஃகுக் கட்டை. இரண்டுக்கும் நடுவில் வைக்கப்படும் தகடு வெட்டுப்பட்டுத் துளை உண்டாகிறது. மின்பெட்டிகள், மின்மோட்டாரின் உள்ளகத் தகடுகள், மிதிவண்டிச் சங்கிலியின் கண்ணித் தகடுகள், வாகன உதிரிப் பாகங்கள், சல்லடைகள் எனத் துளையுள்ள தகட்டுப் பொருள்களில் பெரும்பகுதி இம்முறையில்தான் உருவாகிறது.

கத்தரிக்கோலைப் போலவே இக்கருவிகளும் பயன்பாட்டில் மழுங்குகின்றன. மழுங்கியதைச் சாணை பிடித்து மீண்டும் கூராக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கருவியின் உயரம் குறைவதால், ஒரு கருவியை இத்தனை முறைதான் தீட்ட முடியும் என்ற எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எத்தனை துளைகளைப் பெறுகிறோம் என்பது மூன்றைச் சார்ந்தது: அதிகம் மழுங்குமுன் தீட்டுவது, தேவையான அளவு மட்டும் தேய்த்தெடுப்பது, தீட்டும்போது கருவியைச் சூடேறவிடாமல் காப்பது. இக்கட்டுரை இம்மூன்றையும் அவற்றின் காரணங்களையும் விளக்குகிறது.

## துளை உருவாகும் விதம்

பஞ்ச் தகட்டைத் தொட்டவுடன் வெட்டு நிகழ்ந்துவிடுவதில்லை. முதலில் தகடு சற்று வளைந்து அழுந்துகிறது. அடுத்து, பஞ்சின் விளிம்பு தகட்டுக்குள் இறங்கி உலோகத்தைச் சீவிக்கொண்டு போகிறது. தடிப்பில் ஒரு பங்கு ஆழம் இறங்கியதும், பஞ்சின் விளிம்பிலிருந்து ஒரு விரிசலும் டையின் விளிம்பிலிருந்து ஒரு விரிசலும் புறப்பட்டு நடுவில் சந்திக்கின்றன. அப்போது தகட்டுத் துண்டு பிரிந்து டைக்குள் விழுகிறது. பட்டறைகளில் இத்துண்டை ஸ்லக் என்பார்கள். இக்கட்டுரையில் அது வில்லை எனப்படுகிறது.

துளையின் உட்சுவரைக் கவனித்தால் இந்த நிலைகள் அனைத்தும் தெரியும். பஞ்ச் நுழைந்த பக்கத்தில் சிறிய வளைவும், அதன் கீழ் பளபளப்பான பட்டையும், அதற்கும் கீழ் சொரசொரப்பான முறிவுப் பகுதியும் இருக்கும். பஞ்ச் வெளியேறும் பக்கத்தில் மெல்லிய பிசிறு துருத்தி நிற்கும். பட்டறைச் சொல்லில் இது பர்.

துளையிடத் தேவையான விசையை எளிய கணக்கால் அறியலாம். துளையின் சுற்றளவு, தகட்டின் தடிப்பு, உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்னெஃகுத் தகட்டில் 20 மில்லிமீட்டர் விட்டத் துளை இடுவதாகக் கொள்வோம். சுற்றளவு சுமார் 62.8 மில்லிமீட்டர். வெட்டுப்படும் பரப்பு 125.7 சதுர மில்லிமீட்டர். வெட்டு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால், விசை ஏறக்குறைய 44 கிலோநியூட்டன், அதாவது சுமார் 4.5 டன் ஆகிறது. இவ்வளவு சுமையும் தலைமுடி அளவே அகலமுள்ள ஒரு விளிம்பின் மீது ஒவ்வோர் அடியிலும் விழுகிறது. கருவி தேய்வதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

விளிம்பு கூராக இருந்தால் அழுத்தம் ஒரு கோட்டில் குவிந்து விரிசல் விரைவாகத் தொடங்கும். விளிம்பு உருண்டுவிட்டால் அழுத்தம் பரவிவிடும். உலோகம் வெட்டுப்படுவதற்கு முன் நீண்ட நேரம் இழுபடும். இழுபட்ட உலோகமே பெரிய பிசிறாக எஞ்சுகிறது.

## இடைவெளியின் முக்கியத்துவம்

பஞ்சுக்கும் டைத் துளைக்கும் இடையே எல்லாப் பக்கமும் சீரான ஓர் இடைவெளி விடப்படுகிறது. பட்டறைகளில் இது கிளியரன்ஸ் எனப்படும். இது தகட்டின் தடிப்பைப் பொறுத்துச் சதவீதமாகக் கணக்கிடப்படும். மென்னெஃகுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிப்பில் 5 முதல் 10 சதவீதம் வரை விடுவது பொதுவான வழக்கம். மென்மையான அலுமினியத்துக்கு இதைவிடக் குறைவாகவும், எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக்கு அதிகமாகவும் விடுவார்கள்.

2 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஒரு பக்கம் 6 சதவீதம் என்றால் 0.12 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் துளைக்குப் பஞ்ச் 10.00 மில்லிமீட்டராகவும் டை 10.24 மில்லிமீட்டராகவும் இருக்கும். துளைதான் தேவை என்றால் துளையின் அளவைப் பஞ்ச் தீர்மானிக்கிறது. இடைவெளி டையில் சேர்க்கப்படும். வெட்டுப்பட்டு விழும் துண்டுதான் தேவை என்றால் அதன் அளவை டை தீர்மானிக்கிறது. இடைவெளி பஞ்சில் கழிக்கப்படும்.

இடைவெளி மிகக் குறைந்தால் இரண்டு விரிசல்களும் சந்திக்காமல் விலகிப் போகும். உலோகம் இரண்டாம் முறையும் வெட்டுப்பட நேர்வதால் பளபளப்புப் பட்டை இரண்டாகத் தெரியும். பஞ்சின் பக்கச் சுவர் உராய்ந்து விரைவில் தேயும். இடைவெளி மிகுந்தால் விளிம்பு வளைவும் பிசிறும் பெரிதாகும். எனவே பிசிறு கண்டவுடன் சாணை பிடிக்க ஓடுவது சரியன்று. இடைவெளி தவறாக இருந்தால் எத்தனை முறை தீட்டினாலும் பிசிறு திரும்ப வரும்.

## தேய்மானத்தின் வகைகள்

உராய்வுத் தேய்மானம். தகட்டிலுள்ள கடினமான துகள்களும் மேற்பரப்பு ஆக்சைடும் விளிம்பைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. கருப்புச் செதிலோடு வரும் சூட்டில் உருட்டிய தகடு, செதில் நீக்கிய தகட்டைவிடக் கருவியை விரைவாகத் தேய்க்கும்.

ஒட்டுத் தேய்மானம். அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, துத்தநாகப் பூச்சுத் தகடு ஆகியவற்றை வெட்டும்போது அவ்வுலோகம் பஞ்சின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அடிகளில் அது பிய்ந்து வரும்போது கருவியின் துணுக்குகளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

விளிம்பு உடைதல். கருவி தேவைக்கு மேல் கடினமாக இருந்தாலும், பஞ்சும் டையும் நேர்கோட்டில் இல்லாமல் ஒருபக்கம் உரசினாலும் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

களைப்பு விரிசல். இலட்சக்கணக்கான அடிகளுக்குப் பின், முந்தைய சாணைக் கீறல்கள் இருந்த இடங்களில் நுண்விரிசல் தோன்றி வளரும்.

தேய்மானம் பஞ்சின் அடிமுகத்தில் மட்டும் இருப்பதில்லை. பக்கச் சுவரிலும் ஏறுகிறது. அடிமுகத்தைச் சாணை பிடித்தால் முக மழுங்கல் நீங்கும். பக்கச் சுவரில் தேய்வு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவையும் தேய்த்தெடுத்தால்தான் முழுக் கூர் கிடைக்கும். தாமதம் செலவாக மாறுவது இந்த இடத்தில்தான்.

## மழுங்கியது பஞ்சா, டையா?

பிசிறு பெரிதாகும்போது பஞ்சையும் டையையும் ஒருசேரக் கழற்றித் தீட்டுவது பலருடைய வழக்கம். ஆனால் எது மழுங்கியது என்பதைத் துளையும் வில்லையும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

- பஞ்ச் மழுங்கினால் பிசிறு வில்லையில் பெரிதாகும்.
- டை மழுங்கினால் பிசிறு துளையைச் சுற்றித் தகட்டில் பெரிதாகும்.
- இரண்டும் மழுங்கினால் இரண்டிலும் பிசிறு தெரியும்.
- பிசிறு ஒருபக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் பஞ்சும் டையும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அப்போது தீட்டுவதற்கு முன் பொருத்தத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இதன் காரணம் எளிது. கூரான விளிம்பில் விரிசல் முந்திப் புறப்படும். மழுங்கிய விளிம்பில் பிந்திப் புறப்படும். பிந்திய விளிம்பை ஒட்டியிருக்கும் உலோகம்தான் இழுபட்டுப் பிசிறாகிறது. பஞ்சின் அடியில் இருப்பது வில்லை. டையின் விளிம்பில் படுத்திருப்பது தகடு.

எனவே துளையிட்ட தகட்டோடு வில்லைகளிலும் சிலவற்றை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பிசிறின் உயரத்தை நகத்தால் உணரலாம், மைக்ரோமீட்டரால் அளக்கலாம். இவற்றோடு, பிரஸ் இடிக்கும் ஓசை கனமாவது, பஞ்ச் மேலே திரும்பும்போது தகட்டை இழுத்துக்கொண்டு வருவது, கருவி வழக்கத்துக்கு மேல் சூடாவது ஆகியவையும் மழுங்கலின் அறிகுறிகள்.

விளிம்பை நேரடியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. வெளிச்சத்தின் கீழ் கருவியைச் சாய்த்துப் பார்த்தால், கூரான விளிம்பு வெறும் கோடாகத் தெரியும். உருண்ட விளிம்பு ஒளியைத் திருப்பி வெள்ளை இழை போல மினுங்கும். பத்து மடங்கு உருப்பெருக்கக் கண்ணாடி இருந்தால் அந்த இழையின் அகலத்தை மதிப்பிடலாம்.

## எப்போது தீட்ட வேண்டும்?

விளிம்பின் உருளல் 0.25 மில்லிமீட்டர் ஆரத்தை எட்டுமுன் தீட்டிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே தீட்டிவிடுவது இன்னும் சிக்கனமானது. அடிக்கடி தீட்டினால் கருவி சீக்கிரம் தீர்ந்துவிடாதா என்ற ஐயம் எழும். கீழுள்ள எடுத்துக்காட்டுக் கணக்கு இதற்கு விடை தரும்.

ஒரு பஞ்சில் தீட்டுவதற்கு 4 மில்லிமீட்டர் உயரம் இருப்பதாகக் கொள்வோம். சிறிதளவு மழுங்கியதும் 0.15 மில்லிமீட்டர் வீதம் எடுத்தால் 26 முறை தீட்டலாம். நன்றாக மழுங்கும்வரை காத்திருந்து, பக்கத் தேய்வும் நீங்க 0.6 மில்லிமீட்டர் வீதம் எடுத்தால் 6 முறைதான் தீட்ட முடியும். முதல் முறையில் ஒவ்வொரு தீட்டலுக்கும் 20,000 துளைகள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 5,20,000 துளைகள். இரண்டாம் முறை இதற்கு ஈடாக வேண்டுமானால் ஒவ்வொரு தீட்டலுக்கும் 86,000 துளைகளுக்கு மேல் கிடைக்க வேண்டும்.

தேய்மானம் ஒரே வேகத்தில் நடந்தால்கூட இரு கணக்கும் ஏறக்குறையச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் உருண்ட விளிம்புக்கு அதிக விசை தேவை; அதிக விசை அதிக உராய்வையும் வெப்பத்தையும் தரும்; அது விளிம்பை மேலும் உருட்டும். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பின் தேய்மானத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு கிடைக்கும் ஒவ்வொரு துளையும் முன்னதைவிட அதிகக் கருவி எஃகை விழுங்குகிறது. பிசிறுள்ள பொருளும் கூடவே குவிகிறது.

## கருவி எஃகும் வெப்பமும்

பஞ்ச், டை ஆகியவை கருவி எஃகால் செய்யப்பட்டு, ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 58 முதல் 62 வரை கடினமாக்கப்படுகின்றன. இந்தியப் பட்டறைகளில் மூன்று வகைகள் அதிகம் பழக்கத்தில் உள்ளன.

- ஓ.எச்.என்.எஸ்.: எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கப்படும், அதிகம் சுருங்காத எஃகு. விலை குறைவு. குறைந்த எண்ணிக்கை வேலைகளுக்கு ஏற்றது.
- எச்.சி.எச்.சி.ஆர்.: மிகுந்த கரிமமும் 12 சதவீதத்தை ஒட்டிய குரோமியமும் உடையது. டி2, டி3 தரங்கள் இவ்வகையின. குரோமியக் கார்பைடு துகள்கள் நிறைந்திருப்பதால் தேய்மானத்தை நன்கு தாங்கும்.
- எம்2 அதிவேக எஃகு: சுமார் 6 சதவீதம் டங்ஸ்டன், 5 சதவீதம் மாலிப்டினம், 4 சதவீதம் குரோமியம், 2 சதவீதம் வனேடியம் கொண்டது. உறுதியும் வெப்பம் தாங்கும் தன்மையும் மிக்கது. மெல்லிய பஞ்சுகளுக்கு ஏற்றது.

கடினமாக்கிய எஃகு கண்ணாடி போல நொறுங்கக்கூடியது. அதனால் அதை மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். இதுவே டெம்பரிங். ஓ.எச்.என்.எஸ். எஃகு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியசை ஒட்டிப் பதப்படுத்தப்படுகிறது. எம்2 எஃகு 550 டிகிரியை ஒட்டிப் பதப்படுத்தப்படுகிறது. தீட்டும்போது கருவியின் மேற்பரப்பு இந்த வெப்பநிலையைத் தாண்டினால், பதம் கெட்டுக் கடினத்தன்மை இறங்கிவிடும்.

சாணைக்கல் தொடும் புள்ளியில் வெப்பம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல நூறு டிகிரி ஏறக்கூடும். எஃகில் வைக்கோல் நிற மஞ்சள் தெரிந்தால் ஏறக்குறைய 220 டிகிரியையும், நீலம் தெரிந்தால் ஏறக்குறைய 300 டிகிரியையும் மேற்பரப்பு எட்டியது என்று பொருள். அந்த நிறத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டால் கருவி பழைய நிலைக்கு வந்துவிடாது. நிறம் போகும், அடியிலுள்ள மென்மையான படலம் அப்படியே இருக்கும். அத்தகைய பஞ்ச் பார்வைக்குக் கூராக இருந்தும் சில நூறு அடிகளிலேயே மழுங்கும்.

வெப்பம் இன்னும் அதிகமானால் மேற்பரப்பு மறுபடியும் கடினமாகி, பதப்படுத்தப்படாத நொறுங்கும் படலமாக மாறும். அதில் வலைப்பின்னல் போன்ற நுண்விரிசல்கள் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத இவ்விரிசல்களை நிறச்சாயம் ஊடுருவும் சோதனையால் கண்டறியலாம். தீட்டியபின் முன்பைவிட விரைவாகக் கருவி மழுங்குகிறது அல்லது விளிம்பு தெறிக்கிறது என்றால், எஃகின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் சாணைச் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

## சாணைக்கல்லைத் தேர்ந்தெடுத்தல்

கடினமான எஃகுக்கு மென்மையான கல் வேண்டும் என்பது சாணைத் தொழிலின் அடிப்படை விதி. இங்கே மென்மை என்பது துகளின் மென்மையன்று, துகள்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பின் தளர்வைக் குறிக்கிறது. கடினமான எஃகு துகள்களை விரைவில் மழுக்கும். பிடிப்பு தளர்வாக இருந்தால் மழுங்கிய துகள் உதிர்ந்து, புதிய கூர்த்துகள் வெளிவரும். பிடிப்பு இறுக்கமாக இருந்தால் மழுங்கிய துகள் போகாமல் நின்று, வெட்டுவதற்குப் பதிலாக உரசிச் சூட்டைக் கிளப்பும்.

கல்லின் மீது அச்சிட்டிருக்கும் குறியீட்டை இவ்வாறு படிக்கலாம். 'ஏ 46 எச் 8 வி' என்றால், ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு. 46 என்பது துகளின் அளவு. எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். எச் என்பது பிடிப்பின் அளவு. ஆங்கில அகரவரிசையில் முன்னால் வரும் எழுத்து மென்மையையும் பின்னால் வரும் எழுத்து கடினத்தையும் குறிக்கும். 8 என்பது துகள்களுக்கிடையிலான வெற்றிடத்தின் அளவு. வி என்பது பீங்கான் வகைப் பிணைப்பு. எஃகுப் பஞ்சுகளுக்கு 46 முதல் 60 வரையிலான துகளும், எச் முதல் ஜே வரையிலான பிடிப்பும் கொண்ட வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் பொதுவாகப் பொருந்தும்.

அதிவேக எஃகையும் குரோமிய எஃகையும் தீட்ட, கன போரான் நைட்ரைடு எனப்படும் சி.பி.என். சக்கரம் மிக ஏற்றது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் வென்டார்ஃப் முதன்முதலில் உருவாக்கிய இப்பொருள், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் உள்ளது. டங்ஸ்டன் கார்பைடு பஞ்சுகளை வைரச் சக்கரத்தால்தான் தீட்ட வேண்டும். அலுமினியம் ஆக்சைடு கல் அவற்றில் வேலை செய்யாது.

## தீட்டும் முறை

பஞ்ச், டை ஆகியவற்றின் முகங்களைச் சர்ஃபேஸ் கிரைண்டர் எனப்படும் சமதளச் சாணை இயந்திரத்தில்தான் தீட்ட வேண்டும். மேசையில் பொருத்திய கைச்சாணையில் கையால் பிடித்துத் தீட்டினால் முகம் சமமாக வராது. அச்சுக்குச் செங்குத்தாக இல்லாத முகம் தகட்டை ஒருபக்கம் முதலில் தொட்டு, மெல்லிய பஞ்சை வளைத்துவிடும்.

1. கருவியைக் கழற்றி எண்ணெய், உலோகத் தூள் ஆகியவற்றை நன்றாகத் துடைக்க வேண்டும். அடிப்பரப்பில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் முகம் சாய்ந்துவிடும்.
2. உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு எடுத்தோம் என்பது பின்னால் தேவைப்படும்.
3. சாணைக்கல்லை வைர முனையால் சீவிப் புதுப்பிக்க வேண்டும். இது டிரெஸ்ஸிங் எனப்படும். மழுங்கிய, தூளடைத்த கல்லால் தீட்டுவதே சூடேறுவதற்கு முதல் காரணம்.
4. டையைக் காந்த மேடையில் நேரடியாக வைக்கலாம். உயரமான, மெல்லிய பஞ்சைக் காந்தம் மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது. வி வடிவக் கட்டையிலோ பிடிப்பானிலோ இறுக்கி, பக்கங்களில் தடுப்புக் கட்டை வைக்க வேண்டும்.
5. கூலன்ட் நீர்மத்தைக் கல்லும் கருவியும் தொடும் இடத்திலேயே தாராளமாகப் பாய்ச்ச வேண்டும். விட்டுவிட்டு ஊற்றுவது, ஊற்றாமல் இருப்பதைவிடக் கெடுதல். சூடேறிய எஃகு திடீரெனக் குளிர்ந்து விரிசல் விடும்.
6. ஒரு தடவைக்கு 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் வரை மட்டும் இறக்க வேண்டும். கடைசிச் சில தடவைகளில் இறக்கத்தை 0.005 மில்லிமீட்டராகக் குறைத்து, முடிவில் இறக்காமலே பொறி நிற்கும்வரை ஓட்ட வேண்டும்.
7. விளிம்பில் மினுங்கும் இழை முழுவதும் மறைந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் எடுப்பது வீண்.
8. சாணை விட்ட மெல்லிய பிசிறை நுண்ணிய எண்ணெய்க்கல்லால் ஓரிரு முறை வருடி நீக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் புதுக்கூர் அங்கேயே மழுங்கிவிடும்.
9. காந்த மேடையிலிருந்து எடுத்த கருவியில் காந்தம் தங்கியிருக்கும். டிமேக்னடைசரில் வைத்து அதை நீக்க வேண்டும். இல்லையெனில் வில்லைகளும் உலோகத் தூளும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

பக்கச் சுவரில் உலோகம் ஒட்டியிருந்தால் அதையும் எண்ணெய்க்கல்லால் நீக்கி, பஞ்சின் நீளவாக்கில் மெருகேற்ற வேண்டும். குறுக்குவாட்டக் கீறல்கள் விரிசலுக்கு வித்தாகும். டைட்டேனியம் நைட்ரைடு பூச்சுள்ள பஞ்சின் முகத்தைத் தீட்டும்போது அடிமுகப் பூச்சு போய்விடும். பக்கச் சுவரில் பூச்சு இருக்கும்வரை பயனும் இருக்கும்.

## உயரத்தை ஈடுசெய்தல்

தீட்டியபின் கருவியின் உயரம் குறைந்திருக்கும். டையிலிருந்து 0.2 மில்லிமீட்டர் எடுத்தால், அதன் அடியில் 0.2 மில்லிமீட்டர் ஷிம் தகடு வைத்து உயரத்தைச் சமன் செய்ய வேண்டும். பல மெல்லிய ஷிம்களை அடுக்குவதைவிடச் சரியான தடிப்பில் ஒன்றே ஒன்று வைப்பது நல்லது. அடுக்கிய ஷிம்கள் அடியின் கீழ் அமுங்கி அசையும்.

பஞ்ச் குட்டையானால் டைக்குள் அது இறங்கும் ஆழம் குறையும். பிரஸ்ஸின் ராம் அமைப்பைத் திருத்தி அந்த ஆழத்தை மீட்க வேண்டும். வில்லை பிரிந்து சற்றே கீழிறங்கும் அளவு ஆழம் போதும். தேவைக்கு மேல் இறக்கினால் பக்கச் சுவர் வீணாகத் தேயும்.

ஒரே டை அமைப்பில் பல பஞ்சுகள் இருந்தால், ஒன்றை மட்டும் தீட்டுவது சிக்கலைத் தரும். மொத்த விசையைக் குறைக்கவும், பெரிய பஞ்சின் அதிர்ச்சியிலிருந்து மெல்லிய பஞ்சுகளைக் காக்கவும், மெல்லியவற்றைச் சற்றுக் குட்டையாக அமைப்பது வழக்கம். தீட்டும்போது இந்த உயர வேறுபாடு மாறாமல் எல்லாவற்றிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்றும் ஸ்ட்ரிப்பர் தகடு, பஞ்சுக்கு முன்பே தகட்டைத் தொடுகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

டைக்கு வேறொரு எல்லையும் உண்டு. டைத் துளையின் மேற்பகுதி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராகவும், அதற்குக் கீழே வில்லை எளிதாக விழ வெளிநோக்கிச் சரிந்தும் இருக்கும். நேரான பகுதி தீரும்வரை தீட்டினால் துளையின் அளவு மாறாது. அதைத் தாண்டினால் இடைவெளி கூடத் தொடங்கும். சரிவு அரை டிகிரி என்றால், ஒவ்வொரு மில்லிமீட்டர் தீட்டலுக்கும் ஒரு பக்க இடைவெளி ஏறக்குறைய 0.009 மில்லிமீட்டர் கூடும். 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு இது பெரிதன்று. 0.3 மில்லிமீட்டர் தகட்டை வெட்டும் டையில் இது தடிப்பின் 3 சதவீதம். பிசிறைக் கூட்டப் போதுமானது.

## கையால் அடிக்கும் குழல் பஞ்சுகள்

தோல், ரப்பர், கேஸ்கெட் தாள் ஆகியவற்றில் சுத்தியலால் அடித்துத் துளையிடும் குழல் வடிவப் பஞ்சுகளின் கூர் வேறு விதமானது. இவற்றுக்கு டை கிடையாது. வெளிப்புறம் சரிவாகச் சீவப்பட்ட வட்ட விளிம்புதான் கத்தி. உட்சுவரின் விட்டமே துளையின் அளவு. ஆகவே வெளிச் சரிவை மட்டும் தீட்ட வேண்டும். பஞ்சை விரல்களால் சீராகச் சுழற்றிக்கொண்டே எண்ணெய்க்கல்லிலோ நுண்ணிய உப்புத்தாளிலோ தேய்க்கலாம். உட்புறத்தில் எழும் பிசிறை உருளை வடிவக் கல்லால் ஒருமுறை வருடி எடுத்தால் போதும். உள்ளே அதிகம் தேய்த்தால் துளை பெரிதாகும்.

இத்தகைய பஞ்சின் அடியில் மரக்கட்டையின் குறுக்கு வெட்டு முகம் அல்லது ஈயத் தகடு இருக்க வேண்டும். இரும்புப் பட்டறைக்கல் மீது வைத்து அடித்தால் ஒரே அடியில் விளிம்பு மடங்கும்.

## பாதுகாப்பு

பவர் பிரஸ் விரல்களைப் பறிக்கும் இயந்திரம். மழுங்கிய கருவி அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. தகடு பஞ்சில் சிக்கினாலோ வில்லை மேலேறி டையின் முகத்தில் கிடந்தாலோ, அதை எடுக்கக் கை உள்ளே போகிறது. அந்த நேரத்தில் பெடல் தவறி மிதிபட்டால் விளைவு மீட்க முடியாதது. ஆகவே கருவியைக் கூராக வைத்திருப்பது பொருளின் தரத்தோடு தொழிலாளியின் கையையும் காக்கும் வேலை. இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என்ற விதி, இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இடம்பெற்றது.

கருவியைக் கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, ஃப்ளைவீல் முழுவதும் நின்றதை உறுதிசெய்து, ராமின் அடியில் பாதுகாப்புக் கட்டை வைக்க வேண்டும். மின்சாரம் நின்ற பின்னும் சுழலும் சக்கரத்தில் ஓர் அடிக்கான ஆற்றல் எஞ்சியிருக்கும்.

புதிய சாணைக்கல்லைப் பொருத்துமுன் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். பீங்கான் பிணைப்புக் கல் நன்றாக இருந்தால் கணீரென ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கக்கூடும். அதைப் பயன்படுத்தக் கூடாது. கல்லில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. பொருத்திய பின் ஒரு நிமிடமாவது விலகி நின்று வெறுமனே ஓடவிட வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். சுழலும் கல்லின் அருகில் துணிக் கையுறையும் தளர்ந்த ஆடையும் கூடாது.

## பதிவேடும் பயிற்சியும்

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை வைத்து, தீட்டிய நாள், அதுவரை அடித்த துளைகள், எடுத்த அளவு, எஞ்சிய உயரம் ஆகிய நான்கையும் குறித்துவந்தால் சில மாதங்களில் ஒரு சீர் புலப்படும். எத்தனை துளைகளுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும் என்பதை அந்தப் பட்டறையின் தகட்டுக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப இந்த அட்டையே சொல்லிவிடும். துளைகளின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் இடைவெளி, நேர்ப்பொருத்தம், சாணைச் சூடு ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள்.

பயன்பாட்டில் இல்லாத கருவிகளைத் துடைத்து, துரு தடுக்கும் எண்ணெய் பூசி, வெட்டு விளிம்புகள் ஒன்றோடொன்று மோதாதவாறு தனித்தனி மரக்குழிகளில் வைக்க வேண்டும். ஒரே பெட்டியில் குலுங்கும் பஞ்சுகள் ஒரு துளைகூட இடாமலே கூரை இழந்துவிடும்.

இத்தொழிலை முறையாகக் கற்க விரும்பும் மாணவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டூல் அண்ட் டை மேக்கர் என்ற பிரிவு உள்ளது. 1959-இல் கேரளத்தின் நெட்டூரில் தொடங்கிய நெட்டூர் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும், 1968-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனமும் இத்துறையில் நெடுங்காலமாகப் பயிற்சி அளித்துவருகின்றன.